காகிதத் தலைக்கவசமும் சுட்ட தேங்காயும்



ஒரு பண்டிகை உயிரோடு இருக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அன்றைக்குக் குழந்தைகளின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காகிதமோ, குச்சியோ, களிமண்ணோ ஏதாவது ஒன்று இருந்து, அதை வைத்து அவர்கள் எதையாவது செய்துகொண்டிருந்தால் பண்டிகை உயிரோடு இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது பண்டிகை இல்லை, கூட்டம்!

இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒன்று ஜப்பானில். இன்னொன்று நம் ஜேடர்பாளையத்தில்.

ஜப்பானில் மே 5-ஆம் தேதி குழந்தைகள் தினம். முன்பு அது ஆண் பிள்ளைகளின் பண்டிகையாக இருந்தது. 1948-ல் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய தேசிய விடுமுறை ஆக்கினார்கள். குழந்தைகளின் மகிழ்ச்சிக்காக, கூடவே தாய்க்கு நன்றி சொல்வதற்காக என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அன்று வீட்டுக்கு வெளியே கெண்டை மீன் வடிவத்தில் துணிக்கொடி பறக்கும். வீட்டுக்குள், நாம் கொலு வைக்கிற மாதிரி, 'கபுடோ' என்னும் சாமுராய் வீரனின் தலைக்கவசத்தை வைப்பார்கள். பிள்ளைக்கு ஆபத்து எதுவும் அண்டக்கூடாது என்பதுதான் வேண்டுதல்.

அசல் கபுடோ சாமானிய வேலை இல்லை. இரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு ஏறும்படி வைத்து, ரிவெட் அடித்து, கிண்ணம் போல ஆக்கியிருப்பார்கள். 62 தகடுகள் கொண்ட கபுடோக்கள் உண்டு. ஷீட் மெட்டல் ஷாப்பில் ஒரு புனல் செய்வதற்குள் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அலங்காரத்துக்கென்று கடையில் விற்கும் கபுடோவும் விலை அதிகம்தான்.

ஆனால் அன்று பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவது இரும்பும் இல்லை, கடைச் சரக்கும் இல்லை. பழைய செய்தித்தாள்! சதுரமாக வெட்டிய தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் இரண்டு கூர் மூலைகளையும் செங்கோண மூலைக்குக் கொண்டுவந்தால் சின்னச் சதுரம். அந்த இரண்டு மடிப்பையும் எதிர்ப்பக்கம் தூக்கி, நுனியை வெளியே திருப்பினால் இரண்டு கொம்பு. அடியில் மீந்த தாளின் மேல் அடுக்கை இரண்டு தரம் மடித்து ஏற்றினால் நெற்றிப்பட்டை. கீழ் அடுக்கை உள்ளே செருகிவிட்டால் கவசம் தயார். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கம் 40 செ.மீ. உள்ள சதுரம் எடுத்தால், மடித்த பிறகு அகலம் 40-ஐ 1.414-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 28 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் 56 செ.மீ. சுற்றளவு. ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்குக் கொஞ்சம் தாராளமாகவே வரும். நாம் போர்டில் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை அங்கே பாலர் வகுப்புப் பிள்ளை விளையாட்டாகச் செய்துவிடுகிறது.

"அடேயப்பா, ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்!" என்று உடனே கைதட்ட வேண்டாம். நம்மிடம் இல்லாததா?

ஆடி முதல் நாள், ஜூலை 16 அல்லது 17, சாயங்காலம் ஜேடர்பாளையம் பக்கம் வந்து பாருங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் அன்று தேங்காய் சுடுகிற நோம்பி. மகாபாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி ஆடி 18-ல் முடிந்தது என்பது நம் மக்களின் நம்பிக்கை. தர்மம் ஜெயிக்கட்டும் என்று போர் தொடங்கிய நாளில் பிள்ளையாருக்குப் படைத்ததாம் இந்தச் சுட்ட தேங்காய். ஜப்பானுக்குத் தலைக்கவசம் என்றால் நமக்குத் தேங்காய். இரண்டுக்கும் பின்னால் ஒரு போர். இரண்டும் வந்து சேர்ந்திருப்பது பிள்ளைகள் கையில்!

வெளி மாவட்ட நண்பர்களுக்காகச் செய்முறை சொல்கிறேன். முற்றிய தேங்காயை மட்டை உரித்து, நார் போகக் கரடுமுரடான தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். அதைத் துளைத்துத் தண்ணீரை எடுக்க வேண்டும். ஊற வைத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், தட்டிய வெல்லம் இவற்றைத் துளை வழியாகத் திணித்து, எடுத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப விட வேண்டும். அழிஞ்சில் குச்சியின் ஒரு முனையைச் சீவி, மஞ்சள் பூசி, கண்ணில் இறுக்கமாகச் செருக வேண்டும். பிறகு வாசலில் தீ மூட்டி, திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். உள்ளே நீராவி கட்டி, பருப்பும் வெல்லமும் வெந்து, ஓடு 'பட்'டென்று விரிசல் விடும். அதுதான் பதம்.

இதில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள்! குச்சி தளர்வாக இருந்தால் நீராவி வெளியேறும், உள்ளே வேகாது. தண்ணீர் அதிகம் விட்டால் கொதித்து வெளியே பொங்கும். ஒரே பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் கரியாகும், மறுபக்கம் பச்சையாக நிற்கும். ஃபிட்டிங், பிரஷர், ஹீட் டிரான்ஸ்ஃபர் மூன்றும் ஒரு தேங்காய்க்குள்! இதற்கான பொருளும் நம் மண்ணிலேயே விளைகிறது. காவிரிக் கரையில் தென்னை. ராஜவாய்க்கால் பாய்கிற வயலில் கரும்பு. அதைக் காய்ச்சிய வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகிறது.

அப்படியென்றால் என் குறை என்ன? செய்கிற வேலையை நாம் பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். குச்சி சீவி, மஞ்சள் பூசியே சந்தைக்கு வருகிறது. அதை விற்றுப் பிழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உழைப்பு. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? தேங்காயை அப்பா தேய்க்கிறார், பூரணத்தை அம்மா திணிக்கிறார், தீயைத் தாத்தா பார்த்துக்கொள்கிறார். பிள்ளை செல்போனில் படம் எடுக்கிறது. இப்படியே போனால் கடைசியில் நோம்பி வெறும் தின்பண்டமாகிவிடும். தின்பண்டம் கடையிலேயே கிடைக்குமே, வாசலில் எதற்குத் தீ?

நவம்பர் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கும் குழந்தைகள் தினம் உண்டு. அன்று வெயிலில் வரிசையாக உட்கார வைத்துப் பெரியவர்கள் பேசுகிறார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு மிட்டாய். குழந்தை தன் கையால் செய்தது என்று அன்றைக்கு என்ன மிச்சம்?

இது குழந்தைகள் விஷயம், நமக்கென்ன என்று கேட்காதீர்கள். முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறோமே, அந்தக் கை ஒரே நாளில் வந்ததா? ஐந்து வயதில் குச்சி சீவாத கை, பதினாறு வயதில் ஜாப்பை வைஸில் மாட்டி நிற்கும்போது தயங்கத்தான் செய்யும். மார்க் பார்த்துப் படிப்பு வரும். கைப்பழக்கம் வராது.

இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று, "போர்க் கவசத்தைக் குழந்தை தலையில் மாட்டுவது நல்லதா?" காகிதக் கவசம் எந்த வாளையும் தடுக்காது, மழை பெய்தால் கூடக் கரைந்துவிடும். போரை விளையாட்டாக்கிச் சிரிக்கிற பொருள் அது. நாமும் போர் தொடங்கிய நாளில் இனிப்புத் தேங்காய்தானே சுடுகிறோம்! இரண்டு, "கத்தியும் தீயும் பிள்ளை கையிலா?" நியாயமான பயம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தேய்க்கிற வேலையும் திணிக்கிற வேலையும் போதும். பயந்து எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது மட்டும் வேண்டாம்.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனை. வருகிற ஆடி 1 அன்று ஹாஸ்டல் மைதானத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவோம். ஆணும் பெண்ணுமாக அவர்களே தேய்த்து, திணித்து, சுடட்டும். நவம்பர் 14 அன்று பழைய செய்தித்தாளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கபுடோ மடிக்கச் சொல்லிக் கொடுப்போம். பேச்சு ஐந்து நிமிடம் போதும். மூன்றாவது, வேலியோரம் இருந்த அழிஞ்சில் வேலியோடு போய்க்கொண்டிருக்கிறது. நம் காம்பவுண்டு ஓரமாகப் பத்துக் கன்று நட்டு வைப்போம். பின்னால் வருகிற ஜூனியர்களுக்குக் குச்சியாவது கிடைக்கட்டும். சீவுவது அவர்கள் பாடு!