அம்மாவுக்கும் விடுமுறை வேண்டும்

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் கோடைக்கானல் சென்று, ஏரிக்கரை அருகே ஒரு காட்டேஜில் நான்கு நாட்கள் தங்கினோம். 1863-ஆம் ஆண்டு மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை கரை எழுப்பி உண்டாக்கிய ஏரியாம் அது. இயற்கையாய் அமைந்தது என்றல்லவா சகோதரிகள் நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம்!

அப்பாவுக்கு மீன் பிடிப்பதில் கொள்ளை ஆசை. அனுமதிச் சீட்டு வாங்கி, மாவு உருண்டையை முள்ளில் கோத்து, தம்பியுடன் காலையிலேயே கரையில் அமர்ந்துவிடுவார். தக்கை அசையும்போதெல்லாம் எங்கள் நெஞ்சும் துள்ளும். மூன்றாம் நாள் ஒரு கெண்டை சிக்கியது. தம்பியின் கூச்சல் மலையையே எழுப்பியிருக்கும்.

அந்த மீனைச் செதில் உரசி, கழுவி, பொரித்தது யார்? அம்மாதான். அந்தக் குளிரில், ஐஸ் போன்ற தண்ணீரில் மூன்று வேளையும் பாத்திரம் துலக்கியதும் அவரே. ஏரியை அவர் பார்த்ததெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகத்தான். நாங்களும் வேடிக்கை பார்த்தோமே தவிர உதவவில்லை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஊர் மாறி அடுப்பு மாறாவிட்டால் அது அம்மாவுக்கு விடுமுறையா? ஓட்டலில் சாப்பிட்டால் செலவாகும் என்பார்கள். உண்மையே. ஆனால் முறை வைத்துச் சமைக்கக் காசு வேண்டாமே! தம்பிக்கும் இரண்டு கைகள் உண்டு.

கடைசி நாள் அடுப்படியை நாங்கள் எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் தூண்டிலைக் கொடுத்தனுப்பினோம். உப்புமா கட்டி தட்டிவிட்டது. அம்மாவுக்கும் மீன் சிக்கவில்லை. “இன்னும் அரை மணி இருந்திருந்தால் மாட்டியிருக்கும்” என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.