யாருடைய அந்தக் காலம்?

1998இல் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’, 2022இல் ஆஹா தளத்தில் மூன்றாம் பாகமாகத் திரும்பியது. பழைய தொடர் எது திரும்பினாலும் விமர்சனத்துக்கு இரண்டே கேள்விகள்தாம்: அந்தக் காலம் போல இருக்கிறதா? குடும்பத்தோடு பார்க்கலாமா?

யாருடைய அந்தக் காலம்? எங்கள் எலவனாசூர்கோட்டை வீடுகளில் தொடர் ஓடிய நேரம்தான் அடுப்பு எரிந்த நேரம். கூடத்தில் குடும்பம் சிரித்தது; அம்மா தோசைக்கல் முன் நின்றபடி வசனத்தை மட்டும் கேட்டார்.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர் என்பது தொடரின் நகைச்சுவை. பெயர் சமம், வேலை சமமா? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஏக்கம் விமர்சனம் ஆகாது. தோழியரே, ‘நல்ல குடும்பத் தொடர்’ என்று யாராவது பாராட்டினால் கேளுங்கள்: அந்தக் குடும்பத்தில் யார் உட்கார்ந்து பார்த்தார்கள், யார் நின்றுகொண்டே கேட்டார்கள்?