விற்பது எளிது, கண்காணிப்பதே கடினம்

பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பது குறித்துத் தில்லியில் விவாதம் எழும்போதெல்லாம் ஐரோப்பிய நாடுகள் முன்னுதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. அவற்றுள் இத்தாலியின் அனுபவம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகள் நிலைகுலைந்தபோது, அவற்றின் வசமிருந்த தொழிற்சாலைப் பங்குகளை ஏற்பதற்காக 1933-இல் முசோலினி அரசு ஐ.ஆர்.ஐ. என்ற தொழில் மறுசீரமைப்பு நிறுவனத்தை உருவாக்கியது. தாற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அது 1937-இல் நிரந்தரமாக்கப்பட்டது. பாசிச ஆட்சி வீழ்ந்த பிறகும் நீடித்து எஃகு, கப்பல் கட்டுமானம், தொலைபேசி, விமானப் போக்குவரத்து எனப் பரந்து விரிந்தது. மிலான் - நேப்பிள்ஸ் நெடுஞ்சாலையை எட்டே ஆண்டுகளில், 1964-இல் அமைத்து முடித்ததும் அதன் துணை நிறுவனம்தான்.

பின்னர் ஆளுங்கட்சிகள் தங்களுக்குள் பதவிகளைப் பங்கிட்டுக் கொள்ளும் களமாக அது மாறியது. நஷ்டம் பெருகியது. 1992-இன் நிதி நெருக்கடியும் ஐரோப்பிய சமூகத்தின் நெருக்குதலும் சேர்ந்து விற்பனையைத் துரிதப்படுத்தின. 2000-இல் ஐ.ஆர்.ஐ. கலைக்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டே நெடுஞ்சாலை நிறுவனம் தனியார்மயமாகி, ஆடைத் தொழிலில் புகழ்பெற்ற பெனெட்டன் குடும்பம் அதன் முக்கியப் பங்குதாரரானது. நெடுஞ்சாலைக்குப் போட்டி கிடையாது. எனவே, கண்காணிப்பு கடுமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால், சுயேச்சையான போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 2011-இல்தான் சட்டம் வழி செய்தது. ஒப்பந்தத்தின் நிதி விவரங்கள் பல ஆண்டுகள் மக்களின் பார்வைக்கு வரவில்லை.

2018 ஆகஸ்ட் 14 அன்று ஜெனோவா நகரில் அந்நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்த மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் உயிரிழந்தனர். பராமரிப்பில் அலட்சியம் காட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவன நிர்வாகிகள், அரசு அதிகாரிகள் உள்ளிட்ட பலர் மீதான நீதிமன்ற விசாரணை 2022-இல் தொடங்கியது. அதே ஆண்டில் அரசுசார் நிதி நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்பு, நெடுஞ்சாலை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை விலை கொடுத்து வாங்கியது. விற்றதையே மீண்டும் வாங்க நேர்ந்ததுதான் விந்தை.

அரசு முதலாளியாக இருந்தபோது கட்சிகளின் தலையீட்டைத் தடுக்க ஆளில்லை. தனியார் வந்தபோது லாப வேட்கைக்குக் கடிவாளமிட ஆளில்லை. உரிமையாளர் மாறினாலும் கண்காணிப்பு உறங்கியது. விமான நிலையங்களும் சுங்கச்சாவடிகளும் தனியார் வசமாகிவரும் இந்தியாவில், விற்பனை விலையைப் பற்றிப் பேசுவோர் கண்காணிக்கப் போவது யார் என்பதையும் முதலிலேயே கூறியாக வேண்டும்.