மக்கள் முன்னே, மறைமாவட்டம் பின்னே: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் திருச்சபை வளர்ந்த விதம்

'திருச்சபை வளர்ச்சி' என்பது இன்று உலகெங்கும் இறையியல் கல்லூரிகளில் பயிற்றுவிக்கப்படும் ஒரு துறை. அதன் வேர் இந்திய மண்ணில் இருப்பது பலர் அறியாதது. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில் 1897இல் பிறந்து, நடு இந்தியாவில் நெடுங்காலம் மறைப்பணி ஆற்றிய டொனால்டு மக்காவ்ரன் என்பவரே இத்துறையைத் தோற்றுவித்தவர். சாதி, மொழி, உறவு ஆகிய வரம்புகளைக் கடக்க நேராதபோதே மக்கள் கிறித்தவத்தை எளிதில் ஏற்கின்றனர் என்பது அவரது கோட்பாட்டின் சாரம். இக்கோட்பாடு பின்னர் எண்ணிக்கையை அளக்கும் கலையாகச் சுருங்கிப்போயிற்று. எண்ணிக்கை கூடியதைக் கொண்டாடுவோரும் அதே எண்ணிக்கையைக் காட்டி அச்சம் ஊட்டுவோரும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றனர்: பிரசங்கம் நடந்தது, மக்கள் மதம் மாறினர், சபை பெருகியது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறமும் அவற்றையொட்டிய மலப்புறமும் இந்த அனுமானத்திற்கு இடம் தருவதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலப்புறம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு; கிறித்தவர் 2 விழுக்காடு. பாலக்காட்டில் முஸ்லிம்கள் 29, கிறித்தவர் 4. இடுக்கியில் முஸ்லிம்கள் 7, கிறித்தவர் 43. ஒரே மாநிலத்தின் மூன்று மாவட்டங்களுக்கிடையே இத்துணை வேறுபாடு ஏன்? போதகரின் ஆர்வமோ மக்களின் மனப்பாங்கோ இதற்குப் போதிய விடையாகாது. நிலமும் வேலையுமே விடையைத் தருகின்றன.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தென்மலபாரில் முறையாக மறைப்பணி மேற்கொண்டது பாசல் மிஷன். 1839இல் ஹெர்மன் குண்டர்ட் தலச்சேரியில் தொடங்கிய பணி, 1857இல் திருநாவாயாவை அடுத்த கோடக்கல்லுக்கும், அடுத்த ஆண்டில் பாலக்காட்டிற்கும் பரவியது. மாப்பிள்ளை முஸ்லிம்களிடமிருந்து சபைக்கு வந்தோர் மிகச் சிலரே. வந்தவர்களுள் பெரும்பாலோர் தீயர், செறுமர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். திருமுழுக்குப் பெற்ற மறுநாளே அவர்கள் சாதியையும் சாதி சார்ந்த தொழிலையும், சில வேளைகளில் குடியிருந்த இடத்தையும் இழந்தனர். அவர்களுக்குப் பிழைப்பு தேட வேண்டிய கட்டாயத்தில்தான் மிஷன் நெசவாலைகளையும் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவியது. கோடக்கல் ஓட்டுத் தொழிற்சாலை 1887இல் எழுந்தது. பாலக்காட்டில் ஒலவக்கோட்டிலும் ஒன்று இயங்கியது. இவ்வாறு சபைப் பதிவேடும் ஆலையின் கூலிப் பதிவேடும் பெரும்பாலும் ஒரே பெயர்களைத் தாங்கலாயின. ஆலை எத்தனை பேருக்குச் சோறிட முடியுமோ, ஏறக்குறைய அந்த அளவிலேயே சபையும் நின்றது. முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற்றப்பட்டு ஆலைகள் கைமாறியபோது, அப்பணியின் நிலைத்த எச்சமாக எஞ்சியவை 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள அகராதியும் அச்சுக்கூடமும் பள்ளிகளும் செவ்வோடுகளுமே. உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் இதனைத் தோல்வி என்பர். ஒரு மொழிக்கும் ஒரு தொழிலாளர் சமூகத்திற்கும் அது விட்டுச்சென்றதை நோக்குவோர் அவ்வாறு கூற இயலாது.

அப்படியானால் இன்று நிலம்பூர் மலையடிவாரத்திலும் மண்ணார்க்காட்டிலும் காணப்படும் தேவாலயங்கள் எவ்வாறு எழுந்தன? 1920களில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க்கால உணவுப் பஞ்சத்தால் விரைவுற்ற திருவிதாங்கூர்க் குடியேற்றமே அதற்குக் காரணம். நிலநெருக்கடிக்கு ஆளான சிரியக் கிறித்தவ உழவர்கள், ஜன்மிகளிடமிருந்து காட்டு நிலத்தை வாங்கி, மலேரியாவோடும் காட்டு விலங்குகளோடும் போராடி ரப்பரும் மரவள்ளியும் பயிரிட்டனர். அவர்கள் வரும்போதே கிறித்தவராக வந்தவர்கள். அவர்களுக்கெனத் தலச்சேரி மறைமாவட்டம் 1953இல் அமைக்கப்பட்டது. பாலக்காடு 1974இலும், மலப்புறத்தையும் உள்ளடக்கிய தாமரசேரி 1986இலும் உருவாயின. மக்கள் முன்னே சென்றனர். மறைமாவட்டம் பின்னே வந்தது.

இடுக்கியில் இதே கதைக்கு அரசின் கையும் சேர்ந்துகொண்டது. உணவு உற்பத்திக்காகக் காட்டுநிலங்களைக் குத்தகைப் பாட்டத்திற்கு விட்ட திருவிதாங்கூர் அரசு, குடியேற்றத்திற்கு வழி திறந்தது. 1955இல் பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரால் கல்லாற்றில் குடியேற்றக் காலனி அமைந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பது அன்றைய தமிழ்த் தரப்பினரின் குற்றச்சாட்டு. 1956இல் அவ்வட்டங்கள் கேரளத்தோடு நிலைபெற்றன. 1961இல் ஐயப்பன்கோவிலிலிருந்து குடியேறிகள் வெளியேற்றப்பட்டபோது, அமராவதியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாநோன்பு இருந்தார். கம்யூனிச எதிர்ப்புக்குப் பெயர்பெற்ற பாதிரியார் வடக்கன் அவர் பக்கம் நின்றார். இக்கூட்டணியை இயல்வித்தது நிலமே. இடுக்கிக்குத் தனி மறைமாவட்டம் 2003இல்தான் கிடைத்தது.

மூன்றாவது ஓடை தமிழர்களுடையது. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே அழைத்துவரப்பட்ட தொழிலாளருள் ஏற்கெனவே கிறித்தவராயிருந்தோர் கணிசமானோர். 1898இல் தோன்றிய மூணாறு கார்மேல் அன்னை ஆலயம் அவர்களோடு வளர்ந்தது. 2024இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பாலக்காட்டுக் கணவாயின் தமிழ்க் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தனர். மாநில எல்லை 1956இல் மாறியது. திருச்சபையின் எல்லை அதனைப் பின்பற்றி, சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக 2013 வரை காலமெடுத்தது. அரசின் வரைபடத்தைவிட வழிபாட்டு மொழி நீண்டகாலம் தாக்குப்பிடித்தது என்பதற்கு இது சான்று.

எனில் மனமாற்றமே நிகழவில்லையா? நிகழ்ந்தது. ஆனால் அதன் முன்கையெடுப்பு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. 1840களின் இறுதியில் இடுக்கி மலையடிவாரத்து மலையரையர்களின் தலைவர்கள் தாமே மீண்டும் மீண்டும் இளைய ஹென்றி பேக்கரை நாடிச்சென்று, தம் மக்களுக்குக் கல்வி கற்பிக்க வேண்டினர் என்பது மிஷன் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அவர்களது வழித்தோன்றல்கள் மிகுந்த கிழக்குக் கேரளப் பேராயம் 1983இல் மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஒடுக்கப்பட்டோர் ஏமாற்றப்பட்டு இழுக்கப்பட்டனர் என்னும் கதையும், மிஷனரியால் மீட்கப்பட்டனர் என்னும் கதையும் இங்கே ஒருசேரப் பொய்க்கின்றன. இரண்டுமே அம்மக்களுக்கு ஒரு சொந்த முடிவு இருந்ததை மறந்துவிடுகின்றன.

இந்த மறதிக்கு இன்றும் விலை கொடுப்போர் உள்ளனர். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதனை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. மதம் மாறினால் சாதி அகன்றுவிடும் என்று சட்டம் கருதுகிறது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணத்திலும் சாதி தொடர்வதைச் சபையின் அன்றாட வாழ்க்கை காட்டுகிறது. குடியேறிய உழவரின் செழிப்பையும் ஓட்டாலைத் தொழிலாளியின் வறுமையையும் 'கிறித்தவர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் கூட்டி விழுக்காடாக்கும்போது, உரிமை கோர வேண்டியவரின் குரல் அந்தக் கூட்டலிலேயே கரைந்துவிடுகிறது.

ஆகவே இவ்வட்டாரத்தை ஆய்வு செய்ய முற்படும் மாணவர் மிஷன் அறிக்கைகளோடு நின்றுவிடலாகாது. திருமுழுக்குப் பதிவேட்டை நிலப் பத்திரத்தோடும், ஆலையின் கூலிப் பதிவேட்டோடும், தோட்டத்தின் ஆள்சேர்ப்பு ஆவணத்தோடும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைக் கடந்து, எங்கிருந்து வந்தனர், எதை இழந்தனர், வந்தபின் யார் பெயரில் நிலம் எழுதப்பட்டது என்று கேட்கும்போதுதான் திருச்சபையின் வரலாறு மக்களின் வரலாறாகும்.