தொட்டால் நிறம் மாறிய தெரு: 2015 வெள்ள வரைபடம் மாணவர் சர்வேக்களுக்குச் சொல்வது என்ன?

“அண்ணா, ரெண்டே நிமிஷம். இந்த கியூஆர் கோடை மட்டும் ஸ்கேன் பண்ணிடுங்க.” தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் மாலை நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஜிஎஸ்டி சாலையை ஒட்டியும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பொறியியல், கட்டிடக்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் என்று துறை எதுவானாலும், ‘களத்துக்குப் போ, மக்களிடம் தகவல் திரட்டு, அதை வைத்து ஒன்றை வடிவமைத்துக் காட்டு’ என்ற பயிற்சி ஏதோ ஒரு பருவத்தில் வந்துவிடுகிறது. தென்புறநகரில் அதற்கு எளிதில் கிடைக்கும் தலைப்பு மழைவெள்ளம்.

ஸ்கேன் செய்தவருக்கு என்ன கிடைக்கிறது? ‘உங்கள் பதில் பதிவானது, நன்றி’ என்று ஒரு வரி. அதன்பின் அந்தப் பதில் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. மாணவருக்கு மதிப்பெண், பதில் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த முறை கூப்பிட்டால் அவர் ஏன் நிற்கப் போகிறார்? இதே ஊரில், கேட்காமலேயே மக்கள் தகவலை அள்ளிக் கொடுத்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு.

2015-ல் நடந்தது என்ன?

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை மீறியதில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகள் மூழ்கின. அப்போது எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: எந்த ரோட்டில் போகலாம், எதில் போகக் கூடாது?

அதற்கு ஒரு வரைபடத்தைப் பதிலாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்த அருண் கணேஷ். அதற்கு முன்பே சென்னை மாநகரப் பேருந்து வழித்தடங்களைப் பொதுமக்களின் உதவியோடு வரைபடமாக்கியவர் அவர். தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடத்தின் மேல், மேப்பாக்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வெள்ள வரைபடம் வந்தது. பயன்படுத்துவது மிகச் சுலபம். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அந்தத் தெரு நிறம் மாறும், அவ்வளவுதான். பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தது இதற்கு ஒரு காரணம். பதில் சொல்பவருக்கு அது நிச்சயமாகத் தெரிந்த விஷயமாகவும் இருந்தது. தன் வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்த பதில் அந்த நொடியிலேயே அவர் கண்முன் தெரிந்தது, பக்கத்துத் தெருக்காரர் கொடுத்த பதிலும் சேர்ந்தே தெரிந்தது. தகவல் கொடுப்பவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒரே ஆள். மாணவர் சர்வேக்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இடம்தான்.

வெள்ளைத் தெருக்கள் சொல்லாதது

அந்த வரைபடத்துக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அன்று பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மாடியில் சிக்கியவரிடம் சார்ஜ் தீர்ந்த போன்தான் இருந்திருக்கும். ஆக, தண்ணீர் அதிகம் ஏறிய தெருவிலிருந்துதான் தகவல் வர வாய்ப்பு குறைவு. நிறம் மாறாத தெரு என்றால் காய்ந்த தெரு என்றும் இருக்கலாம், பேச ஆளில்லாத தெரு என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

நடைமேம்பால சர்வேயிலும் இதே கோளாறுதான், ஆபத்து மட்டும் குறைவு. மாலை ஆறு மணிக்கு அங்கே அகப்படுபவர் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர், ரயிலில் வேலைக்குப் போய்வருபவர், ஆங்கிலப் படிவத்தைப் படிக்கத் தெரிந்தவர். வெள்ளத்தின்போது வீட்டில் இருக்கும் பாட்டி, கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளி இவர்களெல்லாம் கணக்கில் வரமாட்டார்கள். 500 பேரிடம் கேட்டோம் என்பதால் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். பதில்கள் வந்தது எந்த மாதிரி ஆட்களிடமிருந்து என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.

2017-ல் மழைக்காலத்தையொட்டி எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ‘அர்பன் ரிஸ்க் லேப்’ சென்னைக்குக் கொண்டுவந்த ‘ரிஸ்க்மேப்’ அடுத்த கட்டம். ஜகார்த்தா வெள்ளத்துக்காக உருவான மென்பொருள் அது. மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் சமூக ஊடகத்தில் ஒரு சாட்பாட் இடம், தண்ணீரின் உயரம், போட்டோ என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். போட்டோ இருந்தால் நம்பகம் கூடும். ஆனால் நம்ப முடியாததெல்லாம் பொய்யும் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்த வீடியோவைப் பலர் கட்டுக்கதை என்றுதான் நினைத்திருப்பார்கள். சில நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதாக அரசுத் தரப்பிலேயே பிறகு விளக்கம் தர வேண்டியிருந்தது.

கோலமாவில் ஒரு வரைபடம்

இதற்கெல்லாம் ஆப் வேண்டும் என்பதில்லை. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களில் தங்கும்போது, கோயில் வாசலிலோ மரத்தடியிலோ கோலமாவையும் கலர்ப் பொடியையும் வைத்து ஊரின் படத்தைத் தரையில் வரைகிறார்கள். ‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ என்று பெயர். படம் தப்பாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் சும்மா இருக்கமாட்டார். “கெணறு அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்” என்று தானே வந்து திருத்துவார். மாணவி கேள்வியே கேட்காமல் பதில் வந்துவிடுகிறது. கூகுள் ஃபார்மில் இப்படி யாரும் எட்டிப் பார்த்துத் திருத்த முடியாது.

முடிச்சூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு தெருமுனையில் இதையே செய்து பார்க்கலாம். வெள்ளம் பற்றிய கேள்வியில் நகரத்துக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ‘உங்கள் தெருவில் வெள்ளம் வருமா?’ என்றால், வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைப்பவர் “அதெல்லாம் வராதுப்பா” என்று சொல்லக்கூடும். ‘2015-ல் எத்தனையாவது படி வரை வந்தது?’ என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடு, வாசலில் உயர்த்திக் கட்டிய தடுப்பு, தரையிலிருந்து மேலே ஏற்றிய மோட்டார் ஆகியவையும் பதில்கள்தான். வாய்ப் பேச்சைவிட இவற்றை நம்பலாம்.

போன் நம்பர் எதற்கு?

படிவத்தில் பெயர், வயது, போன் நம்பர் கேட்பது பழக்கதோஷமாகிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், அதைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் தேவை. ஆய்வு, புள்ளிவிவரப் பணிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. ஆனால் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தெரிந்துகொள்ள யாருடைய நம்பரும் தேவையே இல்லை.

திரட்டியதை யாரிடம் கொடுப்பது?

2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, முடிச்சூர் தனி ஊராட்சியாகவே இருந்தது. அதை ஒட்டிய வரதராஜபுரமோ காஞ்சிபுரம் மாவட்டம். மேற்குத் தாம்பரத்திலிருந்து அடையாற்றங்கரை வரை நடந்து ஒரு குழு வரைபடம் தயாரித்தால், அதை ஒரே அலுவலகத்தில் கொடுத்து முடித்துவிட முடியாது. ஒவ்வோர் அலுவலகமும் தன் எல்லைக்குள் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தெருவில் பதில் சொன்னவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். குடியிருப்போர் சங்கப் பலகையில் ஒட்டினாலே போதும், தப்பிருந்தால் அவர்களே பேனாவால் திருத்திவிடுவார்கள்.

இன்னொரு தடை, கல்லூரி நாட்காட்டி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான். சர்வே எடுத்த மாணவர்கள் தண்ணீர் வரும்போது தேர்வறையில் இருக்கிறார்கள், அல்லது விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதே கேள்விகளோடு புதிதாக ஒரு ஃபார்ம் தொடங்குகிறார்கள். முந்தைய பேட்ச் போட்ட வரைபடத்தை அவர்கள் கையில் கொடுத்து, அதே தெருக்களுக்கு அதே படிகளைப் பார்க்க அனுப்புவதற்குத் தனியாக நிதியோ அனுமதியோ தேவையில்லை. துறையில் ஓர் ஆசிரியர் அந்த வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.