ஒரு பெயருக்கு ஒரு கோடி டாலர்!

தொழில் தொடங்குகிறவர்கள் பெயர்ப்பலகைக்குத் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். இணையதளத்துக்கு நல்ல பெயர் வாங்கவேண்டும் என்றால் மட்டும், "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்! இது பெரிய தவறு.

இணையதளப் பெயர் முதலில் பதிவு செய்தவருக்கே சொந்தம். ஒரே பெயரை இருவர் வைத்துக்கொள்ள முடியாது. புதிய பெயர் என்றால், ஆண்டுக் கட்டணம் சொற்பம்தான். அடுத்தவர் கைக்குப் போய்விட்டாலோ, பெரும்பாலும் அவர் சொல்வதே விலை!

அமெரிக்காவில் டெஸ்லா மின்சாரக் கார் கம்பெனி 2003-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆனால், "டெஸ்லா.காம்" என்ற பெயரை அதற்கு முன்பே வேறு ஒருவர் பதிவு செய்துவிட்டார். ஆகவே, "டெஸ்லாமோட்டார்ஸ்.காம்" என்ற நீண்ட பெயரோடு கம்பெனி காலம் தள்ளியது. 2016-ம் ஆண்டில்தான் விரும்பிய பெயர் கிடைத்தது.

அதற்கு ஆன செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர்! 10 ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு வாங்கியதாக, கம்பெனித் தலைவர் எலான் மஸ்க் 2018-ல் கூறினார்.

பெரிய கம்பெனி, தாங்கிக்கொண்டது. சிறு முதலாளியால் முடியுமா?

பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன்பே, அந்தப் பெயர் இணையத்தில் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும். கிடைத்தால், அன்றே பதிவு செய்யவேண்டும். ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்கவும் வேண்டும்.

நல்ல பெயரும் ஒரு முதல்தான்!