தேனீ மேல் பழி போடாதீர்கள்

"ரெண்டு ரகத் தக்காளியைப் பக்கத்துல வைக்காதீங்க சார், கலந்துரும்." மாடித்தோட்டம் போடுகிறவர்கள் யாரிடம் பேசினாலும் இந்த ஒரு பாட்டுதான். போன வாரம் நண்பர் ஒருவர் இதற்குப் பயந்து மூன்று தொட்டிச் செடிகளை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒரு தக்காளிப் பூவைப் பறித்துப் பாருங்கள். மஞ்சள் கூம்பு மாதிரி மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சூலகமுடி அதற்குள்ளே. காற்றில் பூ ஆடினால் அதன் மகரந்தம் அதன் மேலேயே கொட்டும். தேன் கிடையாது, அதனால் தேனீ பெரிதாக எட்டிப் பார்க்காது. வருவது கருவண்டு. பூவைக் கட்டிப்பிடித்து 'உர்ர்' என்று அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கும். அப்படியும் சாதாரணமாக நூறு விதையில் ஐந்துகூடக் கலப்பதில்லை. சூலகமுடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரகங்களிலும், கடும் வெயிலில் பூக்கும் பூக்களிலும் கூடும், ஒப்புக்கொள்கிறேன்.

"இந்த வருஷக் காயே மாறிப்போச்சு" என்பவர்களுக்கு: காய் தாய்ச்செடியின் சொத்து. கலந்தாலும் விதைதான் கலக்கும். அதை விதைத்து, அந்தச் செடி காய்த்தால்தான் தெரியும்.

பிறகு ஏன் மாறுகிறது? பாதிப் பேர் ஹைபிரிட் பழத்திலிருந்து விதை எடுக்கிறார்கள். அர்கா ரக்ஷக் மாதிரி ஒட்டு ரகத்தின் விதையைப் போட்டால் செடிக்குச் செடி குணம் பிரியத்தான் செய்யும். பெரியகுளம் பி.கே.எம். 1 அப்படியல்ல, வருஷா வருஷம் விதை எடுக்கலாம். மீதிப் பேர் என்னைப் போல.

என் மாமியார் உடுமலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த நாட்டுத் தக்காளி, தட்டையாக, வரிவரியாக, நல்ல புளிப்பு. அந்த அம்மா போய்ச் சேர்ந்த மறு வருஷம் விதைத்தேன். எட்டுச் செடியிலும் கோலிக்குண்டு மாதிரி காய். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் செர்ரி தக்காளி வைத்திருந்தார். மதில் ஓரம் நின்று கத்தினேன். "எங்க அத்தை விதையையே அழிச்சிட்டீங்களே சார்!" மனிதர் பதில் பேசவில்லை. அன்று சாயங்காலமே நாலு தொட்டியையும் பிடுங்கிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பேத்தி பறித்துத் தின்னும் செடிகள் அவை.

எட்டுக்கு எட்டும் ஒரே மாதிரி மாறுவது எந்த வண்டாலும் ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து மேஜை டிராயரில், காலண்டர் தாளில் மடித்த பொட்டலம் ஒன்று கிடைத்தது. விதைத்தேன். தட்டையாக, வரிவரியாகக் காய்த்தது. அப்படியானால் முன்பு போட்டது? முந்தின வருஷம் அதே பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகக் கொடுத்த செர்ரி விதை! வங்கியில் 34 வருஷம் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணிவரை லெட்ஜரைப் புரட்டியவன், இரண்டு பொட்டலத்திலும் பெயர் எழுதவில்லை.

சந்தேகம் தீராதவர்கள் மொட்டு விரியும் முன் கொத்துக்கு ஒரு மெல்லிய வலைப்பை கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள். அந்தப் பழம் விதைக்கு. அவ்வளவுதான் வேலை. செடியைப் பிடுங்க வேண்டாம்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க சார்" என்றார். இந்த ஆடிப்பட்டத்துக்கு நாலு தொட்டி செர்ரி நாற்று என் மாடியில் தயாராகிறது, அவர் வீட்டுக்கு.